டெண்டர், மஸ்டர், கேரண்டி: முதல்முறை கப்பல் ஏறுகிறவர்களுக்கு

பரமக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா, அம்மா, மனைவி, ஏழு வயது மகள் ஆகியோருடன் கோடை விடுமுறையில் சொகுசுக் கப்பலில் போக எண்ணம். சென்னையில் ஏறி இலங்கைப் பக்கம் போவதா, சிங்கப்பூர் போய் அங்கிருந்து ஏறுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஏஜென்ட் அனுப்பிய தாளில் பாதிக்கு மேல் விளங்கவில்லை, எந்தெந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது அவர் கேள்வி.

நான் கீழக்கரைக்காரன். பயணிகள் கப்பல்களில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். முதலில் அறைகளைச் சுத்தம் செய்தேன், பிறகு வரவேற்பு மேசையில் நின்றேன். அந்த மேசையில் கற்றது ஒன்று உண்டு. தெரியாத சொல்லால் யாரும் ஏமாறுவதில்லை. தெரியாது என்பதால் கேட்டுவிடுவார்கள். ஊரில் ஒரு பொருளில் பழகிய சொல் கப்பலில் வேறு பொருளில் வந்து நிற்கும்போதுதான் கேட்காமலே தலையாட்டிவிடுகிறார்கள். ஆகவே அகராதி வரிசையில் போகாமல், அப்படிப்பட்ட சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் தாளில் கிராஜுவிட்டி என்று ஒரு வரி இருக்கும். உங்கள் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர் என்கிறீர்கள். அவருக்குத் தெரிந்த கிராஜுவிட்டி, வேலையிலிருந்து விடைபெறும்போது கைக்கு வந்த பணிக்கொடை. கப்பலில் அது உங்கள் கையிலிருந்து போவது. அறை துடைப்பவர், பரிமாறுபவர், கண்ணில் படாமல் பாத்திரம் கழுவுபவர் என எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பதற்காக ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று உங்கள் கணக்கில் தானாக ஏறிவிடும். அமெரிக்க நிறுவனங்களின் பெரிய கப்பல்களில் இப்போது பெரும்பாலும் 16 முதல் 20 டாலர் வரை வருகிறது. பெரும்பாலான கப்பல்களில் குழந்தைக்கும் உண்டு. ஐந்து பேர், நான்கு இரவு, 18 டாலர் என்று போட்டுப் பாருங்கள்: 360 டாலர். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்கள் கடைசி நாள் காலையில் இந்த வரியை விரலால் தொட்டுக்காட்டிக்கொண்டுதான் எங்கள் மேசைக்கு வருவார்கள். சில நிறுவனங்கள் இதை டிக்கெட்டிலேயே சேர்த்துவிடுகின்றன, சில தனியாகப் பிடிக்கின்றன. பணம் கட்டுமுன் கேளுங்கள். சில கப்பல்களில் இதை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கவும் முடியும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். என் தங்கை கல்யாணத்துக்கு நகை எடுத்தது இந்தப் பணத்தில்தான், ஆகவே இதில் நான் நடுநிலையாளன் இல்லை.

அந்தக் கணக்குக்கு ஃபோலியோ என்று பெயர். மளிகைக் கடையில் பற்று நோட்டு வைத்து வாங்குவோமே, அதேதான். ஏறும்போது ஆளுக்கொரு அட்டை தருவார்கள். அறைச் சாவியும் அதுதான், அடையாளச் சீட்டும் அதுதான், பணப்பையும் அதுதான். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. குளிர்பானம் வாங்கினாலும் அட்டையை நீட்ட வேண்டும். நீட்டும்போது வலிக்காது. இரண்டாம் நாளே அறையிலுள்ள தொலைக்காட்சியிலோ வரவேற்பு மேசையிலோ பற்று எவ்வளவு ஆனது என்று பார்த்துவிடுங்கள். மகளின் அட்டையில் வாங்கும் வசதியை நிறுத்திவைக்கச் சொல்லலாம். விளையாட்டு இயந்திரங்கள் இருக்கும் தளத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் செய்யும் செலவை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கேரண்டி. இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு ஒரு தெம்பு வரும். ‘கேரண்டி கேபின்’ என்றால் நல்ல அறை உறுதி என்று பொருள் கொள்வார்கள். அங்கே உறுதியாவது அறையின் வகை மட்டும். எந்த அறை, எந்தத் தளம், கப்பலின் எந்த மூலை என்பதை நிறுவனமே கடைசியில் முடிவு செய்யும். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். தனியாகப் போகும் இளைஞனுக்குச் சரி. உங்களுக்குச் சரிவராது. ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைப்பது அரிது, இரண்டு அறை எடுக்க வேண்டியிருக்கும். கேரண்டியில் எடுத்தால் அப்பா அம்மா அறை ஐந்தாம் தளத்திலும் உங்கள் அறை ஒன்பதாம் தளத்திலும் அமையலாம். கொஞ்சம் கூடக் கொடுத்து, எண்ணைப் பார்த்து எடுங்கள். ‘கனெக்டிங்’ என்று போட்டிருந்தால் இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு உண்டு. ‘அட்ஜாயினிங்’ என்றால் அடுத்தடுத்த அறை, அவ்வளவுதான், கதவு இருக்காது.

‘டபுள் ஆக்குபன்சி’ என்ற சிறிய எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். விளம்பரத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று இருப்பது, அறையில் இரண்டு பேர் தங்குவதாக வைத்துப் போட்ட விலை. ஒருவரே தங்கினால் ஏறக்குறைய இரண்டு ஆள் பணம் ஆகிவிடும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பொதுவாகக் குறைவு. உங்கள் குடும்பத்துக்கு மூன்றும் இரண்டுமாகப் பிரிப்பதுதான் கணக்கு. துறைமுகக் கட்டணமும் வரியும் பல நேரம் அந்த விளம்பர விலைக்கு வெளியே இருக்கும்.

அறை வகைகளில் ‘இன்டீரியர்’ என்பது சன்னலே இல்லாத உள்ளறை. விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. பெரியவர்கள் இரவில் எழுந்தால் திசை தடுமாறும், குளியலறை விளக்கைப் போட்டுவைத்துக் கதவை ஒருக்களித்துவிடச் சொல்லுங்கள். ‘ஓஷன் வியூ’ என்றால் கண்ணாடி உண்டு, திறக்காது. பால்கனி உங்களுக்குத் தெரியும். ‘அப்ஸ்ட்ரக்டட் வியூ’ என்றிருந்தால் அநேகமாகச் சன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்கும். கடலைப் பார்க்கக் காசு கொடுத்துவிட்டு நான்கு நாளும் ஆரஞ்சு நிறப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

மஸ்டர் என்ற சொல் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் மஸ்டர் ரோல் என்பது வருகைப் பதிவு என்பார்கள். கப்பலிலும் வருகைப் பதிவுதான், ஆனால் உயிருக்காக எடுப்பது. ஆபத்து நேர்ந்தால் யார் எங்கே கூட வேண்டும் என்பது ‘மஸ்டர் ஸ்டேஷன்’. அதன் எழுத்தோ எண்ணோ உங்கள் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். ஏழு குறுகிய ஒலி, அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி கேட்டால் அங்கே போக வேண்டும், மின்தூக்கியைத் தொடக்கூடாது. கப்பல் புறப்படுவதற்கு முன்பு எல்லோரையும் கூட்டி இதை ஒத்திகை பார்ப்பார்கள். இப்போது பல கப்பல்களில் காணொளியைப் பார்த்துவிட்டு அந்த இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும் என்று சுருக்கிவிட்டார்கள். பலருக்கு இது தொல்லை. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பவரை எழுப்பி அனுப்புவது என் வேலையாக இருந்த காலத்தில் எத்தனை முறைப்பு வாங்கியிருக்கிறேன்! 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு இந்த ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறி, 2015 முதல் அமலுக்கு வந்தது. மகளுக்குச் சிறுவர் மிதவைச் சட்டை அறையில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால் அறைப் பணியாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

டெண்டர் என்றால் நமக்கு ஒப்பந்தப்புள்ளி, பஞ்சாயத்து ரோடு. கப்பலில் டெண்டர் என்பது படகு. கரையருகே ஆழம் போதாத ஊர்களில் கப்பல் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகளைச் சிறு படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். கீழக்கரையிலும் மண்டபத்திலும் வத்தையில் போய்ப் பெரிய படகில் ஏறிப் பழகியவர்களுக்கு இது விளக்கமே வேண்டாத விஷயம். மற்றவர்களுக்குத்தான் இதில் சிக்கல். ஆகவே ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, போகும் ஊர்களில் எவை டெண்டர் துறைகள் என்பது. சக்கர நாற்காலிக்காரர்களை அலை அதிகமுள்ள நாளில் இறக்க மாட்டார்கள். காற்று மோசமானால் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும், அதற்குப் பணத்தைத் திருப்பித் தரும் கட்டாயம் பொதுவாக அவர்களுக்கு இல்லை.

என் உம்மாவை ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்துக்குப் போகும் கப்பலில் கூட்டிப்போனேன். கோ சமூயி தீவில் டெண்டர்தான். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு தட்டுப் போட்டிருந்தார்கள். படகு ஒரு முழம் மேலே வந்து, ஒரு முழம் கீழே போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற நடுவயதுக்காரர் காலை நீட்டுவார், இழுப்பார், மறுபடி நீட்டுவார். படகு தாழ்ந்த நேரம் பார்த்துக் குதித்து, மாலுமியின் மேல் விழுந்தார். உம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. புடவைக் கொசுவத்தை இடது கையில் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு அலையைச் சும்மா விட்டார். மூன்றாவது அலை படகைத் தூக்கித் தட்டுக்குச் சமமாக நிறுத்திய அந்த நொடியில், வீட்டு நடையிலிருந்து திண்ணைக்கு வைப்பதுபோல ஒரு எட்டு வைத்து உள்ளே போய்விட்டார். மாலுமி நீட்டிய கை அப்படியே நின்றது. “தூக்கும்போது வைக்கணும், இது தெரியாதா இவங்களுக்கு?” என்றார் என்னிடம். உங்கள் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதும் இவ்வளவுதான்: படகு எழும்பித் தட்டுக்குச் சமமாக வரும்போது காலை வைக்க வேண்டும், தாழும்போது வைக்கக்கூடாது. மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்காமல் முன்கையைப் பிடிக்க வேண்டும். வியர்வையில் உள்ளங்கை வழுக்கும்.

அதே ஊரில் இன்னொன்றும் நடந்தது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தாய்லாந்து அதைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரை இறங்கியதும் கைபேசி தானாக ஊர் நேரத்துக்கு மாறிக்கொண்டது. கைபேசியில் மூன்று மணி, கப்பலில் நான்கு. ‘ஷிப் டைம்’ என்று தினசரி அறிவிப்புத் தாளில் அச்சடிப்பது இதற்காகத்தான். ‘ஆல் அபோர்ட்’ என்று ஒரு நேரம் போட்டிருக்கும். அது புறப்படும் நேரம் அல்ல. பொதுவாக அதற்கு அரை மணி முன்னால், எல்லோரும் உள்ளே இருக்க வேண்டிய நேரம். டெண்டர் ஊர்களில் அதைவிடவும் முக்கியம் கடைசிப் படகு எப்போது என்பது. அன்று ஒரு தம்பதியர் கைபேசியை நம்பி வந்தார்கள். துறையிலிருந்து பார்த்தால் கப்பல் தெரிகிறது, போகப் படகு இல்லை. அடுத்த ஊருக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர்ந்தார்கள். கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து அப்பாவின் கையில் கட்டிவிடுங்கள், ஆசிரியராக இருந்தவர் மணி பார்த்துக்கொள்வார். இலங்கைக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை, அங்கும் நம் நேரம்தான். நிறுவனமே நடத்தும் ஊர்சுற்றலுக்கு ‘ஷோர் எக்ஸ்கர்ஷன்’ என்று பெயர். விலை அதிகம், ஆனால் அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக ஆட்டோ பிடித்துப் போனால் காத்திருக்காது.

கப்பலின் திசைச் சொற்களைப் பத்து நிமிடத்தில் கற்றுவிடலாம். ‘ஃபார்வர்டு’ என்றால் அணியம், அதாவது கப்பலின் முன்பக்கம், ‘ஆஃப்ட்’ என்றால் பின்னணியம், அதாவது பின்பக்கம், ‘மிட்ஷிப்’ என்றால் நடு. அணியத்தைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் ‘போர்ட்’, வலது கைப் பக்கம் ‘ஸ்டார்போர்டு’. இரவில் போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்டு பக்கம் பச்சை. நான் சேர்ந்த புதிதில் இதை இப்படி வைத்துக்கொண்டேன்: இடது, இதயம், இரத்தம், மூன்றுக்கும் இகரம், இரத்தம் சிவப்பு, சிவப்பு விளக்கு போர்ட். இன்றுவரை தவறியதில்லை. இந்தச் சொற்களில் உங்களுக்குப் பணம் மிச்சப்படுத்துவது மிட்ஷிப் மட்டும்தான், ஏனென்றால் மாத்திரைச் செலவு குறையும். கப்பல் இரண்டு விதமாக ஆடும். பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்வது ‘ரோலிங்’. அணியம் ஏறிப் பின்னணியம் இறங்குவது ‘பிட்ச்சிங்’. ஏற்றப்பலகை விளையாட்டில் நடுவில் உட்கார்ந்தவன் அசையாமல் இருப்பான் அல்லவா? நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் தலைசுற்றல் மிகக் குறைவு. உயரத்துத் தளம் அழகு, ஆட்டமும் அங்கேதான். எடுக்கப்போகும் அறைக்கு மேலே என்ன இருக்கிறது என்று தளப்படத்தில் பாருங்கள், நடனக்கூடம் இருந்தால் வேண்டாம். காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பாம்பனில் அடிக்கடி புயல் கூண்டு ஏறும் மாதங்கள். வங்கக் கடலில் கப்பலுக்கும் அது நல்ல காலமல்ல.

‘பிரிட்ஜ்’ என்று அறிவிப்பில் கேட்டால் பாம்பன் பாலத்தை நினைக்க வேண்டாம். கேப்டனும் அதிகாரிகளும் நின்று கப்பலை ஓட்டும் இடம் அது. ‘பைலட்’ விமானி அல்ல. துறைமுகத்துக்குள் நுழையும்போது ஏறி வழிசொல்லும் உள்ளூர் ஆள். ‘கேலி’ என்றால் சமையலறை. ‘கேங்வே’ ஏறி இறங்கும் நடைபாதை. ‘சீ டே’ என்றால் எந்த ஊரிலும் நிற்காமல் முழுநாளும் கடலில். ‘நாட்’ வேகக் கணக்கு. ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர். 18 நாட் என்றால் 33 கிலோமீட்டர்தான், நம் டவுன் பஸ் அதைவிட வேகம்.

டன் பற்றி ஒரு வார்த்தை. உப்பும் கருவாடும் டன் கணக்கில் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். கப்பல் விளம்பரத்தில் வரும் ‘கிராஸ் டன்’ எடையே அல்ல, கப்பலின் உள்ளே மூடிய இடம் எவ்வளவு என்பதற்கான அளவு. 2022-ல் சென்னையிலிருந்து புறப்படத் தொடங்கிய எம்ப்ரெஸ் என்ற சொகுசுக் கப்பல் 48,563 கிராஸ் டன். டைட்டானிக் 46,328. இன்றைய உலகக் கணக்கில் எம்ப்ரெஸ் சிறிய கப்பல். 2024-ல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் அதைப்போல ஐந்து மடங்கு.

உங்கள் அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, “இவ்வளவு பக்கத்தில் ராமேஸ்வரம் இருக்க, ஏன் சென்னைக்குப் போய் ஏற வேண்டும்?” என்று. அதற்குப் பதில் ‘டிராஃப்ட்’ என்ற சொல்லில் இருக்கிறது. வங்கி டிராஃப்ட் அல்ல. கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. நடுத்தரக் கப்பலுக்கே அது ஏழு மீட்டர் அளவில் வரும். நம் ஆட்கள் பாகக் கணக்கில் சொல்வார்கள்; ஒரு பாகம் ஆறு அடி, ஆகவே ஏறக்குறைய நான்கு பாகம். அதற்குமேல் அடியில் இடைவெளியும் வேண்டும். சேதுத் திட்டுகளில் ஆள் இறங்கி நடக்கும் இடங்கள் இருக்கின்றன. அதனால்தான் மேற்குக் கரையிலிருந்து சென்னைக்கு வரும் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு வருகின்றன. 2005-ல் தொடங்கிய சேது சமுத்திரத் திட்டம் இந்த ஆழத்துக்காகத் தோண்டப் போனதுதான், பாதியில் நின்றது. பாம்பன் கால்வாயில் போவதும் நடக்காது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி 17 மீட்டர் உயரும். சின்னக் கப்பல்களும் இழுவைப் படகுகளும் போகும். பத்து மாடி உயரக் கப்பலுக்குக் கீழேயும் இடமில்லை, மேலேயும் இடமில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போன போட் மெயில் கப்பல்களை உங்கள் அப்பா நினைத்துக்கொண்டு கேட்டிருந்தால், அவை அளவில் சிறியவை, இரண்டு மூன்று மணி நேரப் பயணத்துக்கானவை. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் தொடங்கியதும் அந்த வகைதான். அதற்குப் பெயர் ஃபெர்ரி, ஊர் போய்ச் சேர்வதற்கு. குரூஸ் என்பது கப்பலில் இருப்பதற்காகவே போவது.

சாப்பாட்டில் ‘மெயின் டைனிங்’கும் ‘பஃபே’யும் டிக்கெட்டில் அடக்கம், ‘ஸ்பெஷாலிட்டி’ என்ற பெயருள்ள உணவகங்கள் தனிக் காசு. ‘ஃபர்ஸ்ட் சீட்டிங்’, ‘செகண்ட் சீட்டிங்’ என்பவை பந்தி. பெரியவர்கள் இருந்தால் முதல் பந்தி. சைவமோ ஹலாலோ பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள். ஏறிய பிறகு சொன்னால் ரொட்டியும் சாலடும்தான். ‘ஃபார்மல் நைட்’ என்றதும் கோட்டு தைக்க ஓட வேண்டாம். நான் பார்த்த கப்பல்களில் பட்டு வேட்டி சட்டையைத் தேசிய உடையாக மரியாதையோடு ஏற்றுக்கொண்டார்கள். கைலியோடு மட்டும் உணவகத்துக்கு வரக்கூடாது.

கைபேசியை ஏறியதும் ‘ஏரோபிளேன் மோடு’ எனும் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கோபுரக் குறி தெரிந்தால் அது கப்பலின் செயற்கைக்கோள் வலை, உங்கள் ஊர் ரீசார்ஜ் அங்கே செல்லாது. தெரியாமல் ஒரு படம் அனுப்பினாலும் கட்டணம் திகைக்கவைக்கும்.

கடைசிச் சொல் ‘டிஸ்எம்பார்கேஷன்’, இறங்குதல். முந்தைய இரவே பெட்டிகளுக்கு நிறச் சீட்டுக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். நள்ளிரவுக்குள் அவை போய்விடும். மறுநாள் கரையில்தான் கைக்கு வரும். நான் அறைப் பணியாளராக இருந்தபோது, காலை ஆறு மணிக்கு ஒருவர் கதவை ஒரு சாண் திறந்து தலையை மட்டும் நீட்டினார். மனைவி எல்லாத் துணியையும் அடுக்கி வாசலில் வைத்துவிட்டாராம். அவரிடம் மிச்சம் இருந்தது இடுப்பில் கட்டியிருந்த கப்பல் துண்டு. என் பேண்ட் ஒன்றைக் கொடுத்தேன், இரண்டு அங்குலம் குட்டை. குடியேற்றப் பிரிவு வரிசையில் அவர் அதோடுதான் நின்றார். உங்கள் அப்பாவின் மாத்திரைப் பெட்டி, எல்லோருக்கும் ஒரு மாற்று உடை, கடவுச்சீட்டுகள், இவை கைப்பையில் இருக்கட்டும்.